எவ்வளவு இழுக்கலாம்? - இழுவைக் கணக்கின் வரலாறு

பாரம் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று மேட்டில் ஏறுகிறது. வண்டிக்காரர் கீழே இறங்கி, ஆரக்காலைப் பிடித்துத் தள்ளுகிறார். உடன் வருபவர் கையில் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு சக்கரத்திற்குப் பின்னாலேயே நடக்கிறார். மாடுகள் மூச்சு வாங்க நின்றால், அந்தக் கல்லை உடனே சக்கரத்தின் அடியில் வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வண்டி பின்னோக்கி உருளும். மாடுகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். வண்டியை மேலே ஏற்றுபவை மாடுகள்தாம். ஆனால் நின்றுபோன வண்டியைக் காப்பது கல்தான்.

‘ஒரு வண்டி எவ்வளவு எடையை இழுக்கும்?’ என்று யாரையேனும் கேட்டுப் பாருங்கள். ‘அது எஞ்சினின் ஆற்றலைப் பொறுத்தது’ என்றே பெரும்பாலோர் சொல்வார்கள். இது முழு விடையன்று. இழுப்பதற்குத் தரையில் பிடிப்பு வேண்டும். ஏறுவதற்கு ஆற்றல் வேண்டும். இறங்கவும் நிற்கவும் பிரேக் வேண்டும். நேராகச் செல்ல எடை சரியான இடத்தில் அமைந்திருக்க வேண்டும். இந்த நான்கையும் மனிதன் ஒரே நாளில் கற்றுக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றாக, சில வேளைகளில் மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டான். இன்று அமெரிக்கச் சாலைகளில் படகையும் வீட்டு டிரெய்லரையும் இழுத்துச் செல்லும் பிக்கப் வண்டியின் விளம்பரத்தில் காணும் ஓர் எண்ணுக்குப் பின்னால் இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அதனை இங்கே காண்போம்.

சக்கரம் பிடிக்குமா?

கதை பிரிட்டனின் தென் வேல்சுப் பகுதியில் தொடங்குகிறது. 1804 பிப்ரவரி 21 அன்று ரிச்சர்டு டிரெவிதிக் என்ற பொறியாளர் அமைத்த நீராவி எஞ்சின், பெனிடாரென் இரும்பாலையிலிருந்து புறப்பட்டது. 5 வண்டிகளில் 10 டன் இரும்பும் ஏறத்தாழ 70 ஆட்களும் இருந்தனர். சுமார் 16 கி.மீ. தொலைவை அது 4 மணி 5 நிமிடத்தில் கடந்தது. தண்டவாளத்தின் மேல் நீராவியால் பாரம் இழுக்க முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் குதிரை வண்டிகளுக்காகப் போடப்பட்டிருந்த வார்ப்பிரும்புத் தண்டவாளங்கள் எஞ்சினின் எடையைத் தாங்காமல் உடைந்தன.

இங்கே ஒரு சிக்கல் தலைகாட்டியது. பாதை உடையாதிருக்க வேண்டுமானால் எஞ்சினின் எடையைக் குறைக்க வேண்டும். எடை குறைந்தால் சக்கரத்திற்கும் தண்டவாளத்திற்கும் இடையே உள்ள உராய்வும் குறையும். அப்போது சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று வழுக்குமே! வழவழப்பான இரும்புச் சக்கரம் வழவழப்பான இரும்புப் பாதையில் கனத்த பாரத்தை இழுக்காது என்ற ஐயம் அந்நாளில் பலருக்கும் இருந்தது. அதனால் 1811-இல் ஜான் பிளெங்கின்சாப் என்பவர் பல் வைத்த தண்டவாளத்திற்கும் அதில் பொருந்திச் சுழலும் பற்சக்கரத்திற்கும் காப்புரிமை பெற்றார். 1812-இல் லீட்சு நகரை அடுத்த மிடில்டன் நிலக்கரிப் பாதையில் அத்தகைய எஞ்சின்கள் ஓடத் தொடங்கின.

இந்த ஐயத்தை ஆய்வினால் தீர்த்து வைத்தவர் வில்லியம் ஹெட்லி. அவர் நியூகாசில் அருகே வைலம் நிலக்கரிச் சுரங்கத்தில் மேற்பார்வையாளர். அவர் செய்த சோதனை பள்ளி மாணவருக்கும் விளங்கக்கூடியது. எஞ்சின் எதுவும் இல்லாத ஒரு வண்டியைச் செய்தார். அதன் மேல் ஆட்கள் நின்று கைப்பிடிகளைச் சுற்றினால் சக்கரங்கள் சுழலும். வண்டியின் பின்னால் நிலக்கரிப் பெட்டிகளைப் பூட்டினார். வண்டியில் எடையை ஏற்றியும் இறக்கியும், எந்த எடைக்கு எத்தனை பெட்டிகளை இழுக்கும்போது சக்கரம் வழுக்கத் தொடங்குகிறது என்று குறித்துக்கொண்டார். பல் தேவையில்லை, சக்கரத்தின் மேல் போதிய எடை இருந்தாலே போதும் என்று சோதனை காட்டியது. 1813-இல் காப்புரிமை பெற்றார். அதன்பின் வைலத்தில் அமைந்த ‘பப்பிங் பில்லி’ எஞ்சின் இன்றும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்தச் சோதனையிலிருந்து நாம் பெறும் முதல் விதி இது: ஒரு வண்டி இழுக்கக்கூடிய விசை, அதன் இயங்கு சக்கரங்களின் மேல் அழுத்தும் எடையின் ஒரு பகுதியே. உலர்ந்த தண்டவாளத்தில் இது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. ஈரமானால் பாதிக்கும் கீழே போய்விடலாம். எஞ்சின் எவ்வளவு வலியதாயினும் இந்த எல்லையைத் தாண்டி இழுக்க முடியாது.

சொல்லன்று, சோதனை

லிவர்ப்பூலையும் மான்செஸ்டரையும் இணைக்கும் இருப்புப்பாதை முடியும் தறுவாயில் அதன் இயக்குநர்களிடையே ஒரு விவாதம் எழுந்தது. ஓடும் எஞ்சின்களை நம்பலாமா, அல்லது ஆங்காங்கே நிலையான எஞ்சின்களை நிறுத்திக் கயிற்றால் வண்டிகளை இழுக்கலாமா? இதற்கு முடிவு காண ஒரு போட்டியை அறிவித்தனர். பரிசு 500 பவுன். 1829 அக்டோபர் 6 முதல் ரெயின்ஹில் என்னுமிடத்தில் போட்டி நடந்தது.

போட்டியின் விதிகள்தாம் நாம் கவனிக்க வேண்டியவை. எஞ்சின் தன் எடையைப் போல் மூன்று மடங்கு பாரத்தை இழுக்க வேண்டும். மணிக்கு 10 மைல் வேகத்திற்குக் குறையக் கூடாது. சிறு தொலைவு ஓடிக் காட்டினால் போதாது. லிவர்ப்பூலிலிருந்து மான்செஸ்டருக்குப் போய்த் திரும்பும் தொலைவுக்கு ஈடாக, அதே பாதையில் முன்னும் பின்னும் ஓட வேண்டும். ஓட்டத்தை முழுமையாக முடித்தது ஜார்ஜ் ஸ்டீவன்சனும் அவர் மகன் ராபர்ட்டும் அமைத்த ‘ராக்கெட்’ ஒன்றுதான். அது ஏறத்தாழ 4¼ டன் எடையுள்ளது; இழுத்த பாரம் 12¾ டன். மற்ற எஞ்சின்கள் இடையிலேயே பழுதடைந்தன.

‘என் எஞ்சின் இவ்வளவு இழுக்கும்’ என்று செய்தவர் சொல்வது ஒன்று. எல்லார்க்கும் பொதுவான பாரம், பொதுவான பாதை, பொதுவான வேகம் என்று வகுத்து, அதில் இழுத்துக் காட்டச் சொல்வது வேறொன்று. ரெயின்ஹில் காட்டிய இந்த வழியை அமெரிக்கப் பிக்கப் வண்டிகள் பின்பற்றுவதற்கு, பின்னர் நாம் காணப்போவது போல, 180 ஆண்டுகள் ஆயின!

ஏற்றம் என்னும் பகைவன்

ரெயின்ஹில் சமதளமான இடம். மேடு வந்தால் கணக்கு எப்படி மாறுகிறது?

சமமான தண்டவாளத்தில் 1 டன் பெட்டியை நகர்த்திக்கொண்டே இருக்க அக்காலத்தில் ஏறத்தாழ 4 கிலோ எடைக்குச் சமமான விசை போதும். இதுவே 75 மீட்டர் சென்றால் 1 மீட்டர் உயரும் பாதையானால், புவியீர்ப்பு அந்த டன்னை 75-இல் ஒரு பங்கு விசையோடு, அதாவது 13 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட விசையோடு, பின்னால் இழுக்கும். இரண்டையும் சேர்த்தால் 17 கிலோ. கண்ணுக்குச் சமதளம் போலவே தோன்றும் இந்த ஏற்றத்தில் தேவைப்படும் விசை நான்கு மடங்கிற்கும் மேலாகிவிடுகிறது! சமதளத்தில் எஞ்சின் தன்னையும் சேர்த்து 100 டன்னை நகர்த்துமானால், இங்கே 23 டன்னைத்தான் நகர்த்தும்.

எஞ்சின் இழுக்க முடியாமல் நின்றுபோனால் என்ன ஆகும்? அந்த 13 கிலோ விசை அப்போதும் ஒவ்வொரு டன்னையும் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஆர்மா கற்பித்த பாடம்

1889 ஜூன் 12. அயர்லாந்தின் ஆர்மா நகரில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் பெற்றோரும் கடற்கரை ஊரான வாரன்பாயின்டுக்கு உல்லாசப் பயணம் புறப்பட்டனர். எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் மிகுதி. 900-க்கும் மேற்பட்டோர் ஏறினர். மொத்தம் 15 பெட்டிகள். கூடுதல் பெட்டிகளைச் சேர்ப்பதற்கு எஞ்சின் ஓட்டுநர் மறுப்புத் தெரிவித்தார். ஆயினும் இரயில் புறப்பட்டது. ஆர்மாவை விட்டவுடன் நீண்ட ஏற்றம். அதில் கடுமையான பகுதி 75-க்கு 1. உச்சிக்குச் சற்று முன்னே எஞ்சின் நின்றுவிட்டது.

இரயிலை இரண்டாகப் பிரித்து, முன் பெட்டிகளை முதலில் மேலே கொண்டு சென்றுவிட்டு, மற்றவற்றைப் பிறகு வந்து எடுத்துச் செல்வது என்று முடிவு செய்தனர். பின்னால் விடப்பட்டவை 10 பெட்டிகள். இரயிலில் வெற்றிடப் பிரேக் இருந்தது. ஆனால் அது எஞ்சினோடு இணைந்திருக்கும்போது மட்டுமே வேலை செய்யும் வகை. இணைப்பைக் கழற்றினால் பிடி விட்டுவிடும். ஆகவே அந்த 10 பெட்டிகளையும் தாங்கி நின்றவை, கடைசி வண்டியிலிருந்த கைப்பிரேக்கும் சக்கரங்களின் அடியில் வைத்த சில கற்களும்தாம். முன்பகுதி கிளம்பும்போது சற்றே பின்னோக்கி வந்து இடித்தது. கற்கள் நொறுங்கின. பெட்டிகள் கீழ்நோக்கி உருளத் தொடங்கின.

நம் கணக்கையே இங்கும் போட்டுப் பார்க்கலாம். டன்னுக்கு 13 கிலோ இழுக்கிறது. 4 கிலோ தடுக்கிறது. மீதி 9 கிலோ. இதனால் விளையும் முடுக்கம் மிகச் சிறியது. நொடிக்கு நொடி 9 சென்டிமீட்டர் வேகம்தான் கூடும். தொடக்கத்தில் ஒருவர் நடந்தே கூட வரலாம். ஆனால் 2 கி.மீ. உருண்டபின் வேகம் மணிக்கு 65 கி.மீ.-ஐத் தாண்டிவிடும்! அதே பாதையில் பின்னால் அடுத்த இரயில் வந்துகொண்டிருந்தது. பெட்டிகள் அதன்மேல் மோதின. பெட்டிக் கதவுகள் பூட்டப்பட்டிருந்ததால் பலரால் வெளியே குதிக்கவும் முடியவில்லை. ஏறத்தாழ 80 பேர் மாண்டனர். அவர்களில் பலர் குழந்தைகள்.

இணைப்பு அறுந்தால் தானாகவே பிடித்துக்கொள்ளும் பிரேக் அப்போது கண்டுபிடிக்கப்படாத ஒன்றன்று. அமெரிக்காவில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872-லேயே அத்தகைய காற்றுப் பிரேக்கை அமைத்துவிட்டார். இருந்தும் பல இரயில்வேக்கள் அதைப் பொருத்தவில்லை. ஆர்மா விபத்து நடந்த அதே ஆண்டிலேயே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிப் பயணி இரயில்களுக்குத் தானியங்கித் தொடர் பிரேக்கைக் கட்டாயமாக்கியது. ‘எவ்வளவு இழுக்கும்?’ என்ற கேள்வியோடு ‘நின்றுபோனால் எது பிடிக்கும்?’ என்ற கேள்வியும் அன்றுமுதல் சட்டத்தில் ஏறியது.

நம் நீலகிரி மலை இரயிலில் இவ்விரு பாடங்களையும் ஒருசேரப் பார்க்கலாம். 1899-இல் குன்னூர் வரையும், 1908-இல் உதகை வரையும் திறக்கப்பட்ட பாதை அது. கல்லாறுக்கு மேலே ஏறத்தாழ 12 மீட்டருக்கு 1 மீட்டர் என உயரும் ஏற்றத்தில் வெறும் சக்கரப் பிடிப்பு போதாது. எனவே வைலத்தில் தேவையற்றுப்போன பற்சக்கரம் இங்கே மீண்டும் வேலைக்கு வந்துவிட்டது. எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கமே நின்று பெட்டிகளைத் தாங்குகிறது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக் ஊழியர் நிற்கிறார்.

தண்டவாளத்திலிருந்து சாலைக்கு

இனி அமெரிக்கச் சாலைக்கு வருவோம். 1925-இல் போர்டு நிறுவனம் தன் ‘மாடல் டி’ காரின் பின்புறத்தில் சிறு சாமான் தட்டை வைத்து, பிக்கப் வண்டியாக விற்றது. எஞ்சின் ஆற்றல் 20 குதிரைத்திறன். வைக்கோலும் பால் பாத்திரமும் ஏற்றிச் செல்ல உழவர்கள் அதை வாங்கினர். காலப்போக்கில் எஞ்சின்கள் பெருத்தன. குதிரைகளை ஏற்றிய டிரெய்லர், படகு, சக்கரத்தின் மேல் அமைந்த வீடு ஆகியவற்றை இழுப்பதும் பிக்கப்பின் வேலையாயிற்று.

இரயிலில் ஓட்டுநரும் பிரேக் ஊழியரும் பயிற்சி பெற்றவர்கள். இங்கோ, வார விடுமுறையில் குடும்பத்தோடு புறப்படுபவரே ஓட்டுநர். அவருக்கு வழிகாட்டுவது நிறுவனம் தரும் ‘இழுவைத் திறன்’ என்னும் ஓர் எண். நெடுங்காலம் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி சோதித்து அந்த எண்ணை வெளியிட்டது. ஒருவர் எண்ணை மற்றவர் எண்ணோடு ஒப்பிட வழியே இல்லை.

2008-இல் எஸ்.ஏ.இ. என்னும் மோட்டார்ப் பொறியாளர் சங்கம் ‘ஜே 2807’ என்ற பொதுச் சோதனை முறையை வெளியிட்டது. இதை ஒரு புதிய ரெயின்ஹில் என்றே சொல்லலாம். அரிசோனா மாநிலத்தில் கொலராடோ ஆற்றின் டேவிஸ் அணைக்கு அருகே, 18 கி.மீ.-க்கும் சற்று மேலான நீண்ட மலைச்சாலை ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 900 மீட்டர் உயரம் ஏற வேண்டும். வெளியே 38 பாகை செல்சியசுக்குக் குறையாத வெயில். உள்ளே குளிர்சாதனம் முழு அளவில் ஓட வேண்டும். முழுப் பாரத்துடன் ஏறும் சாதாரணப் பிக்கப்பின் வேகம் மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்கக் கூடாது. எதுவும் பழுதாகவும் கூடாது. இதைத் தவிர, 100 மீட்டருக்கு 12 மீட்டர் உயரும் சரிவில் நின்று, முன்னோக்கியும் பின்னோக்கியும் பலமுறை கிளம்பிக் காட்ட வேண்டும். அதே சரிவில் கைப்பிரேக் முழுப் பாரத்தையும் தாங்கி நிற்க வேண்டும். ஆர்மாவின் கேள்விதான் இது!

2011-ஆம் ஆண்டு மாதிரி வண்டியில் முதன்முதலாக இம்முறையை ஏற்றுக்கொண்டது டொயோட்டா நிறுவனம். அதன் ‘டன்ட்ரா’ வண்டியின் இழுவை எண் சில நூறு பவுண்டு குறைந்தது. வண்டி மாறவில்லை, அளக்கும் முறைதான் மாறியது. 2015-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மற்றப் பெரிய நிறுவனங்களும் பின்தொடர்ந்தன.

டேவிஸ் அணை ஏற்றத்தின் கடுமையை ஒரு கணக்கால் உணரலாம். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 6,000 கிலோ என்போம். 100-க்கு 5 என்ற ஏற்றத்தில் நொடிக்கு 18 மீட்டர் வேகத்தில் ஏறினால், எடையை மேலே தூக்குவதற்கு மட்டும் ஏறத்தாழ 53 கிலோவாட், அதாவது 70 குதிரைத்திறன் வேண்டும். காற்றுத் தடையும் சக்கரத் தடையும் தனி. இறங்கும்போதோ இதே 53 கிலோவாட் வெப்பமாக மாறியாக வேண்டும். வீட்டுக் குளியலறையில் உள்ள 2 கிலோவாட் வெந்நீர்க் கருவிகள் 26 ஒன்றாக இயங்குவதற்கு இது சமம்! இவ்வளவு வெப்பத்தையும் பிரேக் மீது சுமத்தினால் அது காய்ந்து பிடிப்பை இழக்கும். ‘எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு’ என்று நம் லாரி ஓட்டுநர்கள் சொல்வதன் பொருள் இதுதான்: வெப்பத்தில் ஒரு பங்கை எஞ்சின் ஏற்றுக்கொள்ளட்டும்.

குடும்பம் ஏறினால் கணக்கு மாறும்

சோதனையில் தேறிய எண்ணையும் அப்படியே நம்பிவிடலாகாது. ஜே 2807 முறையில் வண்டிக்குள் ஓட்டுநரும் ஒரு பயணியும் மட்டுமே இருப்பதாகக் கொள்கிறார்கள். ஆளுக்கு 150 பவுண்டு, அதாவது 68 கிலோ. ஒரு கற்பனை வண்டியை எடுத்துக்கொள்வோம். வெறும் வண்டியின் எடை 2,400 கிலோ. அதன் அச்சும் வில்லும் டயரும் தாங்கக்கூடிய மொத்த எடை 3,100 கிலோ. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து இருக்கத்தக்க உச்ச எடை 7,000 கிலோ.

இருவர் மட்டும் அமர்ந்தால் வண்டி 2,536 கிலோ. 7,000-இல் இதைக் கழித்தால் 4,464 கிலோ. விளம்பரத்தில் வரும் எண் இதை ஒட்டியதாக இருக்கும். இனி குடும்பத்தோடு நால்வர் ஏறுகிறார்கள், 280 கிலோ. பின்தட்டில் 200 கிலோ சாமான். வண்டி இப்போது 2,880 கிலோ. 7,000-இல் கழித்தால் 4,120. ‘பரவாயில்லையே, கொஞ்சந்தானே குறைந்தது’ என்று தோன்றும். ஆனால் இன்னொரு கணக்கு இருக்கிறது.

டிரெய்லரின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, இணைப்புக் கொக்கியின் வழியே பிக்கப்பின் மேலேயே அழுத்தும். நம் வண்டி இன்னும் 3,100 - 2,880 = 220 கிலோவைத்தான் தாங்கும். ஆகவே டிரெய்லர் 2,200 கிலோவைத் தாண்டக் கூடாது. விளம்பர எண்ணில் பாதிகூட இல்லை! எஞ்சினுக்கு இதில் பங்கே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

‘டிரெய்லரில் சாமானைப் பின்னால் தள்ளி வைத்தால் கொக்கியின் பாரம் குறையுமே’ என்று கெட்டிக்கார மாணவர் கேட்கலாம். குறையும். அங்கேதான் நான்காவது ஆபத்து காத்திருக்கிறது. மாட்டுவண்டியில் பின்பாரம் ஆனால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். டிரெய்லரில் பின்பாரம் ஆனால், காற்றோ பள்ளமோ பக்கவாட்டில் ஒருமுறை தள்ளியதும் அது வால்போல் ஆடத் தொடங்கும். வேகம் மிகுந்தால் ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகி, இழுக்கும் வண்டியையே புரட்டிவிடும். கொக்கியின் மேல் பத்தில் ஒரு பங்காவது அழுத்த வேண்டும் என்பது இதைத் தடுக்கத்தான்.

கனத்த டிரெய்லர்களில் தனிப் பிரேக்கும், கொக்கி விடுபட்டால் தானாகவே அந்தப் பிரேக்கைப் பிடிக்கச் செய்யும் சிறு விசையும் பொருத்தப்படுகின்றன. அந்தக் கைப்பிடியளவு கருவியைப் பார்ப்பவருக்கு ஆர்மா நினைவுக்கு வராமலிருக்கலாம். அதன் பின்னணியில் உள்ள கருத்து அதுவேதான்.

மிகச் சிறிய எண்ணே விடை

ஆக, பாதுகாப்பாக எவ்வளவு இழுக்கலாம் என்பதற்கு ஒரே எண் கிடையாது. பிடிப்பு ஓர் எல்லையைத் தருகிறது. எஞ்சின் ஓர் எல்லை. அச்சும் டயரும் ஓர் எல்லை. கொக்கி ஓர் எல்லை. பிரேக் ஓர் எல்லை. இவற்றுள் மிகச் சிறியது எதுவோ அதுவே விடை. விளம்பரம் பெரும்பாலும் மிகப் பெரியதைச் சொல்லும். சங்கிலியின் வலிமை அதன் மிக மெலிந்த கண்ணியில்தான் இருக்கிறது என்பதை நாம் அறிவோம். இழுவைக் கணக்கும் அத்தகையதே.

இதில் உயர்கணிதம் எதுவும் இல்லை. கூட்டல், கழித்தல், வகுத்தல் போதும். ஊரில் டிராக்டர் டிரெய்லரில் கரும்போ செங்கல்லோ ஏற்றுவதைப் பார்க்கும்போது, மாணவர்கள் இந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்கலாம்: பாரம் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா? டிரெய்லருக்குத் தனிப் பிரேக் உண்டா? வழியில் எவ்வளவு மேடு? நடுமேட்டில் எஞ்சின் நின்றுபோனால் எது பிடிக்கும்? கடைசிக் கேள்விக்குத் தெளிவான விடை இல்லையென்றால், பாரத்தில் ஒரு பகுதியை இறக்கிவிட்டு மறுநடை போவதே சரியான கணக்கு.